அப்பா செத்துப்போன ஆங்கிலக் கட்டுரை

பதினேழு வயதில், ஐந்தாம் படிவம் படிக்கும்போது என் அப்பாவை நான் கொன்றேன். ஆங்கிலக் கட்டுரையில் மார்க் வாங்குவதற்காக.

இதைச் சொன்னால் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். சிரித்து முடித்த பிறகு எனக்கு மட்டும் சோறு இறங்காது. ஆகவே இதைப் பெரும்பாலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் இரண்டே இடத்தில்தான் இருந்தது. சமையலறையில் பிஸ்கட் டின்னில், குளியலறையில் ஷாம்பு போத்தலில். வேறு எங்கேயும் அதை நாங்கள் சந்தித்ததில்லை. தோட்டத்து லய வீட்டை விட்டு ஈஜோக் பக்கம் ஒரு தாமான் குடியிருப்புக்குக் குடி வந்தோம். வீடு கல் வீடானது, கழிப்பறை வீட்டுக்குள் வந்தது, ஆங்கிலம் மட்டும் வரவில்லை. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா பாசிர் பெனம்பாங்கில் இறால் தோலுரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே இறால் வாசனை நுழைந்துவிடும்.

அந்த வருடம் அரையாண்டுப் பரீட்சையில் எனக்கு ஆங்கிலம் போய்விட்டது. வருடக் கடைசியில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்விலும் போனால் மேலே படிக்க இடம் கிடைக்காது. ரிப்போர்ட் கார்டைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது ஒன்றுதான்.

"பரவால்ல பாப்பா. கொட்டகையில ஆள் எடுக்குறாங்க."

அன்றிரவு என் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டே படுத்தேன். மறு வாரம் கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த டியூஷனில் சேர்ந்தேன்.

டியூஷன் மாஸ்டருக்குக் கட்டுரை பற்றித் தெளிவான கொள்கை இருந்தது. "கட்டுரன்னா என்னா? ஆரம்பத்துல மழ. நடுவுல ஒரு சாவு. கடைசில கண்ணீரு. இந்த மூணும் இருந்துச்சுன்னா திருத்துறவன் கை தானா மார்க் போடும் லா!"

மாதிரிக் கட்டுரை ஒன்றையும் அவரே எழுதிக் கொடுத்தார். அதைச் சாமி பாட்டு மாதிரி நாங்கள் மனப்பாடம் செய்தோம். 'கடந்த வெள்ளிக்கிழமை' என்று தொடங்கும். உடனே கருமேகம் சூழும், இடி வானத்தைப் பிளக்கும். ஏதாவது ஒன்று மின்னல் வேகத்தில் வரும். யாராவது இரத்த வெள்ளத்தில் கிடப்பார்கள். கண்ணீர் அருவியாய்ப் பெருகும். 'அந்த நாளை உயிருள்ளவரை மறவேன்' என்று முடியும். தலைப்பு என்னவாக இருந்தாலும் இதைக் கொண்டுபோய்ச் சொருகுவதுதான் திறமை. சுற்றுலா என்றால் பேருந்து கவிழும். பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவதற்குள் ஒருவர் போய்ச் சேருவார். 'சுற்றுப்புறத் தூய்மை' என்ற தலைப்புக்கு என் தோழி புஷ்பா ஒரு டெங்கிக் கொசுவை ஏவித் தன் சொந்தச் சித்தப்பாவை முடித்துவிட்டாள். (அவர் இன்றைக்கும் ரவாங்கில் நாசி லெமாக் சோறு விற்கிறார். நன்றாகவே இருக்கிறார்.)

அப்போதுதான் எங்கள் பள்ளிக்குப் பரமேஸ்வரி டீச்சர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரவாங்கிலிருந்து தினமும் ஈஜோக் வழியாகக் கார் ஓட்டி வருவார். வகுப்பில் ஒரு சொல் தமிழ் பேசமாட்டார். அவர் ஆங்கிலத்தில் எது கேட்டாலும் எங்கள் வகுப்புக்குத் தெரிந்த பதில் ஒன்றே: "எஸ் டீச்சர்." புரிந்ததா என்றாலும் எஸ் டீச்சர், யார் சன்னலை உடைத்தது என்றாலும் எஸ் டீச்சர்.

வந்த வாரமே 'மறக்க முடியாத நாள்' என்று ஒரு கட்டுரை கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மாஸ்டரின் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு உலகத்திலேயே கிடையாது. ஒரே சிக்கல், டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் அதையே எழுதிவிடுவார்கள். மாஸ்டரிடம் கேட்டேன்.

"சொந்தச் சரக்கு கொஞ்சம் சேத்துக்கம்மா. உன் ஊரு, உன் ஆளு. அப்பத்தான் உண்மை மாதிரி தெரியும்."

என் ஊர் ஈஜோக். என் ஆள் என்று யோசித்தபோது அப்பாதான் கண்ணெதிரே இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஈஜோக் போகும் சாலையில் ஒரு வளைவு இருக்கிறது. அப்பாவோடு லோரி ஓட்டிய முனியாண்டி மாமா அங்கேதான் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த வளைவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாயங்காலம் அப்பா வரக் கொஞ்சம் பிந்தினால் அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசல் பக்கம் காது வைத்திருப்பார். லோரிச் சத்தம் கேட்ட பிறகுதான் சத்தத்தைக் கூட்டுவார். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கொட்டகை இறாலுக்குப் பயந்தவள் எதையும் எழுதுவாள்.

கடந்த வெள்ளிக்கிழமை கருமேகம் சூழ்ந்தது. ஈஜோக் வளைவில் என் அப்பா மாணிக்கம் மின்னல் வேகத்தில் லோரி ஓட்டி வந்தார். இடி, இரத்த வெள்ளம், அருவி எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் என் சொந்தம். அப்பாவின் தூக்குச் சட்டி சாலையில் உருண்டு கிடந்தது, மூடி திறக்கவே இல்லை, அம்மா காலையில் வைத்த சோறு உள்ளே அப்படியே இருந்தது என்று எழுதினேன். அதை எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. (என்ன அழகாக எழுதுகிறேன் என்ற பூரிப்பும் அதில் கலந்திருந்தது. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.)

திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் கண்டது. கட்டுரைப் புத்தகத்தைப் புஷ்பாவிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். அம்மாவும் வேலைக்குப் போகாமல் கூட இருந்தார்.

பள்ளியில் நடந்ததைப் புஷ்பா பிறகுதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை டீச்சர் வீங்கிய கண்களோடு வகுப்புக்கு வந்திருக்கிறார். என் காலியான நாற்காலியைப் பார்த்திருக்கிறார். கலைச்செல்வியின் அப்பா தவறிவிட்டாரா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். வகுப்பே ஒரே குரலில் சொல்லியிருக்கிறது:

"எஸ் டீச்சர்."

அன்று பிற்பகல் பள்ளி வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அறைக் கதவு பாதி திறந்திருந்ததால் படுத்தபடியே எனக்குக் கூடம் தெரிந்தது. டீச்சர் வெள்ளைச் சேலையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நுழைந்தார்.

சாவு வீட்டுக்குள் யாரும் அப்படித்தான் நுழைவார்கள். வீட்டுக்காரர்களும் வாங்க என்று கூப்பிடமாட்டார்கள். வந்தவர்களும் போய் வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் அம்மாவோ வாயெல்லாம் பல்லாக எழுந்து ஓடினார்.

"வாங்க டீச்சர், வாங்க வாங்க! உக்காருங்க. பிள்ளைக்கு முடியலன்னு இவ்ளோ தூரம் வந்தீங்களா?"

டீச்சர் அம்மாவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்குத் தானும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் அழ வேணும் அம்மா," என்றார் டீச்சர். அன்றுதான் அவர் தமிழ் பேசி நான் கேட்டது. "உள்ளுக்கை அடக்கி வச்சிருக்கக் கூடாது."

"அழுது என்னா ஆவப்போவுது டீச்சர்? ரெண்டு மாத்திர குடுத்தா எல்லாம் சரியாப் போயிரும்."

டீச்சர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். துக்கத்தில் புத்தி பேதலித்தவர்களை அவர் அதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்தபடியே உட்கார்ந்தார். அம்மா உள்ளே ஓடிக் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்தார். டீச்சர் முறுக்குத் தட்டைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்மா விடாமல் வற்புறுத்தினார்.

"அவர் கடைசியாக உங்களிட்டை ஏதும் சொன்னவரோ அம்மா?"

"யாரு, இவரா? காலைல போவுறப்ப, மத்தியானத்துக்கு நெத்திலி வறுத்து வையின்னு சொன்னாரு. வறுத்து வச்சிருக்கேன். இன்னும் ஆளக் காணோம்."

டீச்சர் விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார். அந்த நொடியில்தான், காய்ச்சலையும் தாண்டி, எனக்கு விஷயம் புரிந்தது. எழுந்து ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் பிணம் மாதிரிக் கிடந்தது நான் ஒருத்திதான்.

வெளியே லோரிச் சத்தம் கேட்டது.

போர்வையை லேசாக விலக்கிச் சன்னல் வழியே பார்த்தேன். டீச்சரோடு வேனில் வந்த என் வகுப்புப் பிள்ளைகள் வேலி ஓரம் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற புஷ்பாவின் கையில் ஒரு பெரிய மலர் வளையம் இருந்தது. லோரியிலிருந்து இறங்கிய அப்பாவைப் பார்த்ததும் அவள் 'ஆண்டவா' என்று அலறிவிட்டு வளையத்தைக் கீழே போட்டுவிட்டு வேனுக்குள் ஓடிவிட்டாள். அப்பாவே குனிந்து அதை எடுத்தார். ரிப்பனில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு கையில் வளையமும் மறு கையில் தூக்குச் சட்டியுமாக வீட்டுக்குள் வந்தார்.

"என்னா இது, என் பேரு போட்டுருக்கு? நான் எலெக்‌ஷன்லகூட நிக்கலயே?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குச் சட்டியைத்தான் பார்த்தார். போர்வை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் அந்தச் சட்டியிலேயே நின்றது. பிறகு மெல்ல மேலே ஏறி, அதைப் பிடித்திருந்த கைக்கும், கையிலிருந்து ஆளுக்கும் வந்தது.

"நீங்கள்... மாணிக்கமோ?"

"ஆமா டீச்சர். பிள்ள ஏதாச்சும் தப்பு பண்ணிருச்சா?"

டீச்சர் பையிலிருந்து என் கட்டுரைப் புத்தகத்தை எடுத்தார். படித்துத் தமிழில் சொல்லச் சொன்னவர் அப்பாதான். டீச்சர் வரி வரியாகச் சொன்னார். நல்ல ஆங்கிலத்தில் இருந்தால்கூடக் கொஞ்சம் மறைந்திருக்கும். தமிழில் கேட்டபோது அது பட்டவர்த்தனமாக இருந்தது. இரத்த வெள்ளம் வந்ததும் அம்மா ஓவென்று கத்திக்கொண்டு அறைக்குள் ஓடி வந்தார். எனக்குக் காய்ச்சல் என்பது கை ஓங்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அதனால் எனக்குப் பக்கத்தில் கிடந்த தலையணையை அடி அடியென்று அடித்தார். "வாயில வராதத கையில எழுதியிருக்காளே! அந்த எடத்தையே எழுதியிருக்காளே!" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். எனக்கு வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் படித்து முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதுல நான் வேகமாவா போனேன் டீச்சர்?"

டீச்சர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "மின்னல் வேகம் எண்டு எழுதியிருக்கு."

"அந்த வளைவுல நான் முப்பதத் தாண்டுனதில்ல டீச்சர். முனியாண்டி போன பின்னால ஒரு நாள்கூட தாண்டுனதில்ல."

இதை அவர் டீச்சரிடம்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. அன்று மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்கத் திரும்பவில்லை. செத்ததை மன்னித்துவிட்டார். வேகமாக ஓட்டினார் என்று எழுதியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அது மாஸ்டரின் வரி, நான் மனப்பாடம் செய்தது, அர்த்தம் யோசித்து எழுதவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மட்டும் அது தேவலாம் என்று ஆகிவிடுமா?

டீச்சர் கிளம்பினார். போய் வருகிறேன் என்று சொல்லலாமா கூடாதா என்று அவருக்குக் குழப்பம். வாசலில் நின்று வாயைத் திறந்தார், மூடினார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மலர் வளையத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. வீட்டில் வைக்க அம்மா விடவில்லை. குப்பையில் போட அப்பா விடவில்லை. கடைசியில் தன் பெயர் போட்ட ரிப்பனை மட்டும் கிழித்துவிட்டு, வளையத்தை லோரியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஈஜோக் வளைவில், முனியாண்டி மாமா விழுந்த இடத்துக் கம்பத்தில், அது காயும்வரை தொங்கியது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. அம்மா கோயிலுக்கு நடையாய் நடந்தார். பூசணிக்காய் உடைத்தார். எதிலும் அவர் மனம் ஆறவில்லை. கடைசியில் ரவாங்கிலிருந்து அப்பாவின் அக்கா வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இதுக்கா இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க? காக்கா தலையில அடிச்சா நம்ம ஆளுங்க என்னா செய்வாங்க? சொந்தக்காரங்களுக்குப் பொய்ச் சாவு சொல்லி அனுப்பி அழ வைப்பாங்கல்ல? அவுங்க அழுதுட்டா தோஷம் அதோட போயிருச்சு. நம்ம மாணிக்கத்துக்கு ஒரு டீச்சரே வேன் எடுத்து வந்து அழுதுட்டுப் போயிருக்காங்க. இனிமே இவன் ஆயுசு கெட்டிடி!"

அம்மாவின் முகத்தில் அந்த வாரத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. "நம்ம வீட்டுல அழுதது, நான் முறுக்கு குடுத்ததப் பாத்துப் பரிதாபப்பட்டு அழுதுருந்தா?"

"அதுவும் சரிதான்," என்றார் அத்தை. "நெசமாலுமே இவன் செத்துட்டான்னு நம்பி, தனியா அழுதுருக்கணும். அப்பத்தான் செல்லும். பிள்ளைய விட்டுக் கேக்கச் சொல்லு."

ஆகவே நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று, ஆசிரியர் அறை வாசலில் நின்று, கொன்ற பாவியான நானே பரமேஸ்வரி டீச்சரிடம் கேட்டேன்: "டீச்சர், எங்கப்பாவுக்காக நீங்க நெஜமாவே தனியா அழுதீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க." என் வாழ்க்கையில் இதைவிடக் கூசிப்போய் நின்ற இடம் வேறில்லை. பிற்பாடு எத்தனையோ இன்டர்வியூக்களில் உளறியிருக்கிறேன். இதன் முன்னால் அவை ஒன்றுமேயில்லை.

டீச்சர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம் பிள்ளை. அந்த வளைவிலை காரை நிப்பாட்டிப்போட்டு அழுதனான். என்ரை அப்பாவும் றோட்டிலைதான் போனவர். அவரின்ரை சாப்பாட்டுப் பெட்டியும் திறக்காமல்தான் வீட்டுக்கு வந்தது."

என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். சிவப்பு மையில் ஒரு திருத்தம் இல்லை, மார்க்கும் இல்லை. கட்டுரைக்குக் கீழே, மனம் மிக வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தூக்குச் சட்டி வரிக்கு அடியில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு இருந்தது.

வீட்டுக்கு வந்து, டீச்சர் உண்மையாகவே அழுதார் என்று சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அப்பா அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"எத்தன மார்க்கு?"

"மார்க் போடலப்பா."

அப்பா என்னையே பார்த்தார். "அப்ப நான் செத்ததே வீணா?"

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்துவிட்டார். அப்புறம் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. பேருந்து தவறினால், தோசை கருகினால், மழையில் துணி நனைந்தால், 'செத்ததே வீணா' என்போம். அப்பாவுக்குச் சளி பிடித்தாலும் உடனே, "பாப்பா, ஒரு கட்டுர எழுது. ஆயுசு கொறயுற மாதிரி இருக்கு" என்பார். டியூஷனை நிறுத்திவிட்டேன். டீச்சர் எனக்கு வேறு தலைப்பே கொடுக்கவில்லை. அப்பா வீட்டுக்கு வருவது, வந்ததும் என்ன செய்வார், அவ்வளவுதான். வருடம் முடியும்வரை அப்பா என் புத்தகத்தில் வந்துகொண்டே இருந்தார். கால் கழுவினார், நெத்திலி தின்றார், நாற்காலியில் தூங்கினார். ஒரு பக்கத்திலும் மழை பெய்யவில்லை. எஸ்.பி.எம்.மில் ஆங்கிலம் தேறியது. கொட்டகைக்குப் போகாமல் தப்பினேன். இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில், வருந்துகிறோம், வருந்துகிறோம் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதுதான் என் பிழைப்பு.

அப்பாவை எந்த வளைவும் ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரை வியாதிதான் பிடித்தது. சிறுநீரகம் போயிற்று. வாரம் தவறாமல் டயாலிசிஸ் நடந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கையில் ஊசி குத்தியபடி, என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா. இப்ப ஒண்ணு எழுதேன்."

பக்கத்துக் கட்டில்காரருக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பாவும் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவரைக் காப்பாற்றும் என்றால் எந்தப் பொய்யையும் எழுதத் தயாராக இருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். அத்தைக்கு அனுப்புவதா, டீச்சருக்கா என்று யோசித்தேன். 'அப்பா' என்று தட்டிவிட்டு நின்றுவிட்டேன். எழுதத் தெரியாத வயதில் அருவியாகக் கொட்டியவள் நான். இப்போது ஒரு வரி வரவில்லை. அழித்துவிட்டு உள்ளே போய், "எழுதிட்டேன்ப்பா" என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் இறந்த காலையில் மேகமே இல்லை. சுள்ளென்று வெயில் அடித்தது. அக்கம்பக்கத்தில் துணி காயப்போட்டார்கள். அந்த வெயிலின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

பழைய வகுப்புப் பிள்ளைகளும் பரமேஸ்வரி டீச்சரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்தன. முதலில் ஒரு சிரிப்பு முகம். அதன் பின்னால் இன்னும் பல சிரிப்பு முகங்கள். 'இந்தத் தடவ எத்தன மார்க்கு கலை?' என்று ஒருத்தன். 'மழ பெஞ்சுச்சா?' என்று இன்னொருத்தி. 'வளையம் நான் தூக்கமாட்டேன் லா' என்று புஷ்பா. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருடா வருடம் ஒன்றுகூடலில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தவளே நான்தான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் குழுவிலிருந்து முதலில் வந்தது பரமேஸ்வரி டீச்சர்தான். ஓய்வுபெற்று, முடியெல்லாம் வெளுத்து, ரவாங்கிலிருந்து தனியாகவே கார் ஓட்டி வந்திருந்தார். செருப்பைக் கழற்றினார். ஒன்றும் பேசாமல் உள்ளே நுழைந்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை வாங்க என்று சொல்லவில்லை.

டீச்சர் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் வேடிக்கைன்னு நெனச்சாங்க டீச்சர். நீங்க எப்படி நம்புனீங்க?"

அவர் கைப்பேசியை எடுத்து என் செய்தியை என்னிடமே காட்டினார். ஆங்கிலத்தில் இரண்டே வரி. 'அப்பா இன்று காலை இறந்துவிட்டார். வீட்டில்தான் இருக்கிறோம்.'

"இதிலை ஒரு இடியும் இல்லையே, பிள்ளை," என்றார்.

அப்போதுதான் அம்மா பேசினார். காலையிலிருந்து யார் வந்து கட்டிப்பிடித்தும் வாய் திறக்காதவர், அப்பாவின் தலைமாட்டிலிருந்து டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"இந்தத் தடவயாச்சும் மார்க் போடுவீங்களா டீச்சர்? அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

கூடத்தில் இருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அப்போதுதான் அழத் தொடங்கினார்.

மத்தியானம் புஷ்பா மலர் வளையத்தோடு வந்து, கதவருகில் நின்று, உள்ளே வரத் தெரியாமல் அழுதாள். நான்தான் போய் அழைத்து வந்தேன்.

எங்கள் வீட்டில் இப்போதும் 'செத்ததே வீணா' என்ற அந்தச் சொல் இருக்கிறது. பால் பொங்கி வழிந்தால் நான் சொல்வேன், அத்தை சொல்வார், என் பிள்ளைகள்கூடக் கதை தெரியாமலே சொல்வார்கள். அம்மா மட்டும் சொல்வதில்லை. வேலை முடிந்து நான் வரக் கொஞ்சம் பிந்தினால் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஈஜோக் வளைவில் நான் முப்பதுக்கு மேல் போவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.